திறந்து கிடந்த கூரை

பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்தபோது, முத்துப்பிரியாவின் இடுப்பில் செருகியிருந்த அவள் புருசன் லிங்கேஸ்வரனின் போன் அதிர்ந்தது. பாடையில் கிடந்தவன் காலைப் பிடித்திருந்த கையை எடுத்து, அழுகிற பெண்களுக்கு நடுவிலேயே அதைப் பார்த்தாள். மலைமேல் கொட்டகையிலிருந்து வந்த எச்சரிக்கை. தொலைநோக்கி படுக்கவில்லை. கூரை திறந்திருக்கிறது.

நிமிர்ந்து மேற்கே பார்த்தாள். போடிமெட்டுப் பக்கம் பாதி மலையைக் காணோம். கறுத்துக்கொண்டு வந்தது.

"இந்நேரத்துல என்னத்தா போனு?" என்றார் அழகுமலை. லிங்கேஸ்வரனின் அண்ணன். பிள்ளையில்லாத தம்பிக்குக் கொள்ளி வைக்க ஈர வேட்டியோடு நின்றிருந்தார். அவள் போனை மறுபடி இடுப்பில் செருகினாள். கொட்டுச் சத்தம் கிளம்பியது, பாடை வாசலைத் தாண்டியது.

லிங்கேஸ்வரன் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவன். அதற்காக அவனை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. வானத்தைப் படம் எடுக்கிற கிறுக்கன் என்றால் போடியில் எல்லோருக்கும் தெரியும். சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் செய்ய ஓயாமல் தேனிக்குப் போய்வர ஆனபின் அவனால் மலையேற முடியவில்லை. அந்த வருடம்தான் தானாக இயங்கும் அந்த மவுண்ட்டைத் தேடிப்பிடித்து வாங்கினான். தொலைநோக்கியைத் தன்மேல் தாங்கி, சொன்ன நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, விடியும்வரை அதன் பின்னாலேயே நகர்கிற இயந்திரம். வீட்டுக் கட்டிலில் கிடந்தபடி அவன் போனில் உத்தரவு கொடுப்பான். மலையில் கூரை விலகும், மோட்டார் முனகும், விடிந்ததும் குழாய் தானே படுத்துக்கொள்ள, கூரை மூடிவிடும்.

"பூமி நம்மளக் கெழக்காம இழுத்துக்கிட்டே போகுதுல்ல பிரியா, இது அதே வேகத்துல எதுப்பா திரும்பும். ஒரு மயிரிழை விட்டுக் குடுக்காது" என்பான்.

அதை மலையில் பொருத்தியது அவள்தான். அவன் போனில் பார்த்துப் பார்த்துச் சொல்ல, துருவத்துக்கு நேராக அச்சை நிறுத்தி, எடைக்கட்டியை மாட்டிச் சமன் பார்த்து, ஒவ்வொரு திருகாக முடுக்கினாள். நட்சத்திரங்கள்மேல் அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. ஆனால் ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையோடு சுருண்டு கிடப்பவன், ஒரு படம் வந்து இறங்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். காபி கேட்பான். அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

நேற்று ராத்திரி மூச்சு இழுத்தபோதும் போன் அவன் கையில்தான் இருந்தது. அதற்கப்புறம் மலையை யார் நினைத்தார்கள்? விடியக்காலை இடியில் அங்கே போன கரண்ட் இப்போதுதான் திரும்பியிருக்க வேண்டும். பாதியில் நின்றால், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதே மவுண்ட்டுக்கு மறந்துபோகும். குழாய் படுக்காதவரை கூரையும் அசையாது. இடித்துவிடக் கூடாதென்று அவனே வைத்த கட்டுப்பாடு அது.

ஊர்வலம் கிழக்கே திரும்ப, முத்துப்பிரியா செருப்பை மாட்டிக்கொண்டு மேற்கே நடந்தாள். கூட்டத்தை நிறுத்திவிட்டு அழகுமலை திரும்பி வந்தார்.

"எங்கத்தா கெளம்பிட்ட?"

"மலைக்கு. கூரை தெறந்து கெடக்கு மச்சான். மழை வருது."

"புருசன் இன்னும் தெருவத் தாண்டல. அந்த மிசினு நனைஞ்சா நனையட்டும். ராத்திரி பூராத் தூங்கவிடாம அவனக் கொன்னதே அதுதான்."

கொட்டு நின்றுபோயிருந்தது. தெருவே கேட்டது.

"அவரக் கொன்னது கிட்னி. அந்த மிசினுதான் இம்புட்டு நாளும் அவர எந்திரிச்சு உக்கார வச்சிச்சு."

"தலைக்கு ஊத்தி ஒன்ன மூலையில உக்கார வைக்கணும். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நீங்க செய்ய வேண்டியத நீங்க செய்ங்க. இத நான் பாத்துக்கிறேன்."

லிங்கேஸ்வரனின் தங்கை கருத்தம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மதினி, ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். அவரு இருக்கையில மட்டும் சும்மாவா இருந்துச்சு?"

கருத்தம்மாவின் பிடி தளர்ந்தது.

தெருமுனையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற சின்ராசு ஜீப்பில் சாய்ந்து நின்றான். அவளைப் பார்த்தான், தூரத்தில் நின்ற அழகுமலையையும் பார்த்தான். "அண்ணே வைவாரே, மதினி."

"நீ ஓட்டுறியா, நான் பஸ்சுக்குப் போகவா?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

மலையடியில் முந்தலைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது கீழே ஊர் முழுசாகத் தெரிந்தது. கிழக்கே ஓரிடத்தில் புகை எழுந்து, காற்றில் கலைந்து, மறுபடி திரண்டது. சின்ராசு வேகத்தைக் குறைத்தான்.

"நிப்பாட்டாத. வெரசாப் போ" என்றாள்.

ஏலச்செடிகளை விலக்கிக்கொண்டு மேட்டில் ஏறியபோது முதல் துளிகள் விழ ஆரம்பித்தன. நான்கு சுவருக்கு நடுவே குழாய் கருமேகத்தை நேராகப் பார்த்து நின்றது. அச்சை இறுக்கிப் பிடித்திருந்த கிளட்சைத் திருகினாள். அசையவில்லை. அவளே முடுக்கியதுதான். முந்தானையைச் சுற்றிப் பிடித்து மறுபடி திருகினாள். கை வழுக்கி விரல் மொழியில் தோல் உரிந்தது. "விட்டுத் தொலையேன்" என்று பல்லைக் கடித்தாள். மூன்றாம் தடவை இளகியது. கட்டிலிலிருந்து அவனை இறக்கும்போது பிடிப்பதைப்போல, குழாயை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தாள்.

"சின்ராசு, தள்ளுப்பா!"

இடியில் வயர் கருகியிருந்த மோட்டாரிலிருந்து கூரையைக் கழற்றிவிட்டு இருவரும் தோள் கொடுத்தார்கள். பாதி தூரம் உருண்டு தண்டவாளத்தில் எதிலோ மாட்டியது. மண்டியிட்டு, சக்கரத்தில் சிக்கியிருந்த ஈரச் சருகைக் கையாலேயே பிடுங்கி எறிந்தாள். இன்னொரு தள்ளு. தகரம் தகரத்தோடு இடித்து மூடியதும் மழை கொட்டியது.

உள்ளே இருட்டு. தகரச் சத்தத்தில் தன் மூச்சே அவளுக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் விழுந்திருந்த ஓரிரு துளிகளை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, குழாயின் வாயை மூடினாள். தார்ப்பாயைப் போர்த்தி, கால்மாட்டில் இழுத்துச் செருகினாள். கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்தபடி நின்றாள். சின்ராசு வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு மழையைப் பார்த்திருந்தான்.

அவர்கள் இறங்கியபோது மழை ஊருக்குள்ளும் பெய்து ஓய்ந்திருந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். கிரீசும் சேறுமாக அவள் உள்ளே வந்தாள்.

"தலைக்கு ஊத்திட்டு வா" என்றார் அழகுமலை, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"மலையிலயே ஊத்திருச்சு மச்சான்." நின்று அவரைப் பார்த்தாள். "ஒரு வயரு கருகியிருக்கு. ஆளக் கூப்பிட்டு மாத்தணும். வானம் தெளிஞ்சா நாளைக்கே கூரை தெறக்கும். பதினாறு வரைக்கும் பொறுக்காது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மூலையில் பாய் விரித்து வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிப் போய், நடுவீட்டில் அவன் கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"கருத்தம்மா, பசிக்கிது. சோறு போடு."

அழகுமலையின் சம்பந்தி வீட்டிலிருந்து வந்த சோறு. கருத்தம்மா தட்டை வைத்து ரசத்தை ஊற்றினாள். மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துப்பிரியா பிசைந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

வாசலில் சாமியானா மழைத்தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டிருந்தது. அழகுமலை எழுந்துபோய் ஒரு மூங்கில் கழியை எடுத்து அடியிலிருந்து தூக்கினார். தண்ணீர் தடதடவென்று தெருவில் விழுந்தது. கழியை நகர்த்தி, அடுத்த இடத்தில் தூக்கினார்.

அவள் இரண்டாவது வாயைப் பிசைந்தாள்.