சும்மா இருந்தவர்களின் தூசி

ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடக் கரையோரத்தில் அந்த ஒரு தெருவில் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் டாக்டர் பேட்ரிசியா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினாள். செயற்கை வைரக் கல்லைப் பட்டை தீட்டும் தூசிதான் காரணம் என்பது அவள் சந்தேகம். அதை நிரூபித்தால், வீட்டுக்கு வீடு ஓடும் சாணைகளுக்குத் தூசி உறிஞ்சும் மோட்டார் வைக்கக் கலெக்டர் உத்தரவு போடுவார். இல்லாவிட்டால் அந்தத் தெருவிலிருந்து அவளிடம் வைத்தியத்துக்கு வரும் வள்ளிக்கண்ணு மாதிரி நோயாளிகள் மூச்சு முட்டியே போய்ச் சேர வேண்டியதுதான்.

தெருவில் அவள் எடுத்த கணக்கோ காலை வாரிவிட்டது. நோயாளிகளில் பாதிப்பேர் பெண்கள். என்ன வேலை என்று கேட்டால், அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல், "வேலையெல்லாம் இல்லைங்க, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றார்கள்.

"சும்மா இருக்கிறவங்களுக்கும் வருதுன்னா தூசி எப்படிம்மா காரணமாகும்?" என்றார் பெரிய டாக்டர் ஸ்தனிஸ்லாஸ். நியாயமான கேள்விதான். எரிச்சலோடு பேட்ரிசியா மறுபடி பஸ் ஏறினாள்.

வள்ளிக்கண்ணு வீட்டு அடுப்படியில் சாணை ஓடிக்கொண்டிருந்தது. இருமி இருமிக் கல் தீட்டிக்கொண்டிருந்தது சாட்சாத் வள்ளிக்கண்ணுவேதான்.

"என்னக்கா, வேலை இல்லைன்னு சொன்னீங்களே?"

"இதெல்லாம் வேலையா டாக்டரம்மா? அவர் வாங்கிட்டு வர்ற கல்லு. சமையல் முடிஞ்சதும் கூடமாட உட்கார்றதுதான்."

பேட்ரிசியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல்? தன்மேல்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது 'என்ன வேலை' என்ற தன் கேள்விதான் என்று புரிந்துபோயிற்று.

அப்புறம் அவள் வேலை என்ற பேச்சையே எடுக்கவில்லை. "காலையில எந்திரிச்சதுலேர்ந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணுவீங்க?" என்று வீடு வீடாகக் கேட்டாள். அடேயப்பா, சும்மா இருந்த பெண்கள் பொழுதெல்லாம் சாணையில்தான் இருந்திருக்கிறார்கள். சாணை இல்லாத வீடுகளில் நோய் அபூர்வம். அதிகம் தீட்டியவர்களுக்கே அதிகத் தழும்பு. அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்துப் பார்த்த ஸ்தனிஸ்லாஸ், "கலெக்டர்கிட்ட நானும் வரேம்மா" என்று எழுந்துவிட்டார். உத்தரவு வந்தது, தெரு முழுக்க மோட்டார்கள் வந்தன.

அடுத்த வருஷம் வள்ளிக்கண்ணு ஆஸ்பத்திரியில் மூச்சு அளக்கும் கருவியில் ஊதினாள். போன வருஷ அளவேதான் காட்டியது.

"அப்ப குணமாகலையா?" அவள் முகம் வாடிவிட்டது.

"விழுந்த தழும்பு போகாதுக்கா. ஆனா வருஷா வருஷம் இறங்கிக்கிட்டே வந்த மூச்சு இப்ப இறங்கல. நின்னுடுச்சு."

"அப்ப நான் இருப்பேனா?"

"இருப்பீங்கக்கா" என்றாள் பேட்ரிசியா. கண்ணில் நீர் முட்ட, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டாள்.