க்வென் விட்டுக்கொடுத்த மூன்று நிமிடம்

காப்பர் ஃபோர்க் நகர மன்றத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். மேடை ஓரத்தில் மூன்று விளக்குகள் இருக்கும். பச்சை எரிந்தால் பேசலாம். மஞ்சள் எரிந்தால் முடிக்கப் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்துவிட்டால் பாதி வார்த்தையில் இருந்தாலும் விழுங்கிவிட்டு இருக்கைக்குத் திரும்ப வேண்டியதுதான். கடவுளே இறங்கி வந்தாலும் அதே மூன்று நிமிடம்தான் என்பாள் மேயர் விவியன் ஓக்ஸ். ரஸ் மச்சாடோவுக்குச் சில நாட்களில் தன் பெயரைச் சொல்லி முடிக்கவே அதில் பாதி போய்விடும்.

ரஸ்ஸுக்குத் திக்குவாய். பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவன். ஊரில் எல்லோரும் நல்லவர்கள், அதுதான் அவனுக்குப் பெரிய தொல்லை. அவன் திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல் அவன் வாக்கியத்தை அவர்களே முடித்துவைத்துவிடுவார்கள். ஒருமுறை தீவனக் கடைக்குக் கோதுமைத் தவிடு வாங்கப் போனான். 'கோ' என்று ஆரம்பிப்பதற்குள் கடைக்காரன் ஒரு மூட்டை கோழித் தீவனத்தைத் தூக்கி வண்டியில் போட்டு, முதுகிலும் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டான். ரஸ் வீட்டில் கோழியே கிடையாது.

அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவன் மனைவி லோர்னா. இன்னொருத்தி க்வென் ஹாஸ்கல். மில் பள்ளத்தாக்குச் சாலையின் கடைசி வீட்டில், மேலே மலை முகட்டை ஒட்டி ஆடு வளர்த்துக்கொண்டு தனியாக இருப்பவள். வாயைத் திறந்தால் கரடுமுரடுதான். ஆனால் ரஸ் பேச ஆரம்பித்தால் வேலியில் சாய்ந்துகொண்டு, எவ்வளவு நேரமானாலும் நிற்பாள்.

அந்த க்வென்னுக்கு அவன் ஒரு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வருடமாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் செப்டம்பரில் முகட்டுக்கு அப்பால் காடு பற்றிக்கொண்டது. வெளியேறச் சொல்லி எல்லோர் போனுக்கும் எச்சரிக்கை போனது. மில் பள்ளத்தாக்கில் மட்டும் யாருக்கும் வரவில்லை. அங்கே செல்போன் மணி பார்க்க மட்டும்தான் உதவும். ரஸ் அப்போது பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். லோர்னா கண் அறுவை சிகிச்சை முடிந்து, கட்டுப் போட்ட கண்ணோடு, அதே சாலையில் இருந்த தங்கள் வீட்டில், திரையை இழுத்துவிட்ட அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். புகையை முதலில் பார்த்தது க்வென். ஆடுகளை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹாரனை அழுத்திக்கொண்டே இறங்கி வந்தாள். லோர்னாவை அள்ளி முன்சீட்டில் உட்கார வைத்து, பின்னால் இடமில்லாத ஓர் ஆட்டுக்குட்டியையும் அவள் மடியில் போட்டாள். கண் தெரியாமல், கையில் என்னவென்றும் தெரியாமல், லோர்னா அதைக் கட்டிப்பிடித்தபடியே ஊர் வந்து சேர்ந்தாள். அன்று சாயங்காலம் அவள் படுத்திருந்த அறை சாம்பலாகிவிட்டது.

வீட்டைத் திரும்பக் கட்டிய பிறகு ரஸ் இனிப்பு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு எத்தனையோ தடவை க்வென் வீட்டுக்குப் போனான். மற்ற எதற்கும் காத்திருக்கிற க்வென் இதற்கு மட்டும் காத்திருக்க மாட்டாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொள்வாள். "ஆடு கத்துது, போகணும்" என்று ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள். ஆடு ஒன்றும் கத்தியிருக்காது.

அதனால்தான் ரஸ் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தான். அங்கே அவளால் எழுந்து ஓட முடியாது.

ஜூன் மாதக் கூட்டத்தின் அஜெண்டாவில் பொதுமக்கள் பேச இரண்டு காரியங்கள் இருந்தன. ஏழாவது, பள்ளத்தாக்கின் வாயில் இருக்கிற பழைய சமூகக் கூடத்தைப் பழுது பார்ப்பது. எட்டாவது, கம்பியில்லாக் கருவிகளுக்கான புதிய விதி: வீடுகளுக்கும் சமூகக் கூடங்களுக்கும் ஐந்நூறு அடிக்குள் எந்த ஆன்டெனாவும் வரக்கூடாது. ஒரு போன் கம்பெனி அந்தக் கூடத்தின் கூரைமேல் ஆன்டெனா வைக்கக் கேட்டிருந்தது. அங்கிருந்து வைத்தால்தான் பள்ளத்தாக்கு முழுக்க சிக்னல் ஏறும், வேறு இடமில்லை. விதி நிறைவேறிவிட்டால் அடுத்த தீக்கும் மில் பள்ளத்தாக்கு காது கேளாமலே கிடக்கும். ஆன்டெனாவால் தலைவலி வரும், விதி வேண்டும் என்று ஊரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தவள் வேறு யாருமில்லை, க்வென்தான்.

பேச விரும்புகிறவர்கள் எத்தனையாவது காரியம் என்று ஒரு சீட்டில் எழுதி, கூட்டம் தொடங்கும் முன்பே கூடையில் போட வேண்டும். அதன்பின் போட்டால் செல்லாது. கோழி வளர்ப்புச் சட்டம் வந்த வருடம் ஆளாளுக்கு இடையில் சீட்டுப் போட்டு ஊரே தூங்காமல் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. ரஸ் அஜெண்டாவைப் படித்தான். ஆன்டெனா வரப்போவது கூடத்தின் மேல், கூடம் என்று போட்டிருப்பது ஏழில். ஏழு என்று அழகாக எழுதிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஏழாவது காரியம் வந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். பச்சை எரிந்தது. காகிதத்தில் முதல் வரி, 'க்வென் ஹாஸ்கலுக்கு என் நன்றி' என்று இருந்தது.

"க்... க்... க்..."

பெயர்கள்தான் அவனுக்கு எப்போதும் கொடுமை. எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். முன்வரிசையில் க்வென் மட்டும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் எரிந்தது.

"கூரையா?" என்றான் பின்னாலிருந்து டேல், க்வென்னுடைய கட்சி. உதவி செய்கிறானாம்.

"கூரையைப் பத்திப் பேச வந்தீங்களா ரஸ்?" மேயர் கேட்டாள்.

அவன் தலையாட்டி மறுத்தான். "ஆ... ஆன்டெனா."

"ஐயோ, அது எட்டாவதுல வருது."

"கூ... கூடத்து மேலதானே..."

மேயர் நகர வழக்கறிஞரைப் பார்த்தாள். "கூடத்து மேல வெச்சாலும் சரி, குகைக்குள்ள வெச்சாலும் சரி, ஆன்டெனான்னா எட்டுதான்" என்றார் அவர். சிவப்பு எரிந்தது.

ரஸ் வந்து உட்கார்ந்தான். காது மடல் வரைக்கும் சூடாகியிருந்தது.

"ஏழுன்னா எழுதிப் போட்ட?" லோர்னா கிசுகிசுத்தாள்.

"கூ... கூடம்னு போட்டிருந்துச்சே."

"என் ராசா. நானாவது ஒரு சீட்டு எழுதிப் போட்டிருக்கணும்." அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எட்டாவது காரியம் தொடங்கியது. வழக்கறிஞர் எழுந்து வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். கதிர்வீச்சால் உடம்புக்குக் கெடுதல் என்று காரணம் காட்டி எந்த நகரமும் ஆன்டெனாவை மறுக்க முடியாது, மத்தியச் சட்டம் விடாது, அழகு கெடுகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆகவே தலைவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், காதில் ரீங்காரம் கேட்பவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து அழகைப் பற்றிப் பேசினார்கள். வீட்டு முற்றத்தில் ஓட்டை டிராக்டர் மூன்றை நிறுத்தி வைத்திருக்கும் ஒருவர் மலையின் எழில் குலையும் என்று குரல் தழுதழுத்தார். உறுப்பினர் ரே ஓர்டேகா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

"க்வென் ஹாஸ்கல்."

ஆட்டுத் தொழுவத்து பூட்ஸோடு க்வென் மேடைக்குப் போனாள். கையில் படங்கள் ஒட்டிய தடித்த கோப்பு. பச்சை எரிந்தது. கோப்பைத் திறந்தாள். திரும்பி ரஸ்ஸைப் பார்த்தாள். மூடிவிட்டாள்.

"என் நேரத்தை ரஸ் மச்சாடோவுக்குக் குடுக்கறேன்."

சீட்டுப் போட்டவர் தன் நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று விதியில் உண்டு. ஆனால் எதிர்க்கட்சிக்குக் கொடுத்து அந்த மன்றம் பார்த்ததில்லை.

"க்வென்! உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" டேல் எழுந்தே விட்டான்.

"சும்மா உக்காரு டேல்."

"அவர் உங்களுக்கு எதிராப் பேசப் போறாரு. தெரியுமில்ல?" மேயர் கேட்டாள்.

"தெரியும். அவன் என்ன சொல்ல வந்தான்னே தெரியாம நான் எதை எதிர்க்கறது? பச்சையை மறுபடி மொதல்லேருந்து போடுங்க."

ரஸ் கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தான். லோர்னா முழங்கையால் இடித்தாள். "பேரை விட்டுடு. தீயில ஆரம்பி."

காகிதத்தை இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

"அ... அன்னிக்கு நான் பஸ்ல இருந்தேன்," என்றான். "பின்னாடி பிள்ளைங்க. லோர்னாவுக்குப் போன் போட்டேன். போ... போகல. திரும்பத் திரும்பப் போட்டேன். பள்ளத்தாக்கு மேல பு... பு... புகை. பிள்ளைங்க அழக்கூடாதுன்னு நான் சிரிச்சுக்கிட்டே ஓட்டினேன். இறக்கிவிட்டுட்டு, ஊர் எல்லையில போலீஸ் உள்ள வி... விடல. ரோட்டோரம் உக்காந்து, லோர்னா போயிட்டான்னு நெனச்சேன். என் பொ... பொண்டாட்டி எரிஞ்சுட்டான்னு நெனச்சுக்கிட்டு ஒரு சாயங்காலம் பூரா இருந்தேன்."

யாரும் காலணியைப் பார்க்கவில்லை. மஞ்சள் எரிந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான், அவ்வளவுதான், வார்த்தை சிக்கிக்கொண்டது. அது வெளியே வருவதற்குள் சிவப்பு. மேயர் தன் சுத்தியலைத் தொட்டாள், ஆனால் தட்டவில்லை.

டேல் ஒரு பெருமூச்சோடு எழுந்தான். "சரி, என்னோட மூணு நிமிஷத்தையும் எடுத்துக்கோ. எப்படியும் நான் அழகைப் பத்தித்தான் பேசியாகணும். எனக்கும் அழகுக்கும் என்ன சம்பந்தம்?"

மன்றம் சிரித்தது. பச்சை மறுபடி எரிந்தது. ரஸ்ஸும் சிரித்தான். சிரித்ததில் சிக்கியது விடுபட்டது.

"அன்னிக்கு எங்களுக்கு ஹாரன் அடிக்க ஒருத்தி இருந்தா. கடைசி வீட்டுக்காரி. தீ மேலேருந்து வந்துச்சு, அவ பா... பாத்தா, கீழ வந்தா. அடுத்த தடவை தீ கீழேருந்து ஏறினா? அவளுக்கு யாரு ஹாரன் அடிப்பா?" பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "நா... நான் அடிப்பேன். எந்த நெருப்புக்குள்ளயும் வண்டியை ஓட்டிட்டு மேல போவேன். ஆனா எனக்கு யாராவது சொல்லணுமில்ல? போன் அடிக்கணுமில்ல?" டேல் பக்கம் திரும்பினான். "அ... அவ்வளவுதான். டேல், மிச்சத்தை நீயே வெச்சுக்கோ."

ரே ஓர்டேகா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஐந்நூறு அடி விதி இருக்கட்டும், ஆனால் ஆபத்துக் காலத்தில் மக்கள் வந்து தங்கும் நகரக் கூடங்களுக்கு அது வேண்டாம். ஆன்டெனாவைக் கூரையின் சிறு கோபுரத்துக்குள் மறைத்து வைத்துவிட்டால் அழகுக்கும் பங்கமில்லை. 'அழகு' என்னும்போது டிராக்டர்காரரை ஒரு பார்வை பார்த்தார். ஓட்டு இரண்டுக்கு இரண்டாக நின்றது. மேயர் விளக்குகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆம்" என்றாள்.

லோர்னா அழுதாள். சரியாகிவிட்ட கண்களால் ஆசை தீர அழுதாள். ரஸ் அவளைப் பார்த்தான். இதே கண்கள், இதே கை, இன்னும் பக்கத்தில் இருக்கிறாள் என்ற நினைப்பு அவனுக்கு நெஞ்சு முட்ட வந்தது.

வெளியே வெயில் இன்னும் மலை உச்சியில் கிடந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் க்வென் தன் வண்டியில் ஏறி, இன்ஜினைக் கிளப்பிவிட்டிருந்தாள். ரஸ் வேகமாக நடந்துபோய்க் கதவருகே நின்றான்.

"நான் குடுத்தது நேரம்தான், ஓட்டு இல்ல," என்றாள் க்வென். "இப்பவும் சொல்றேன், அந்தச் சனியன் எனக்குத் தலைவலிதான் குடுக்கப்போகுது. உன் ரொட்டியைக் கொண்டாந்து சரி பண்ணிடலாம்னு பாக்காத."

"க்... க்..."

க்வென் அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருடமாக அவள் ஓடி ஒளிந்த அதே முகம். கியரில் கை வைத்தாள்.

"ஏழாவதுல நீ சொல்ல வந்தது இதுதானா?" என்றாள். "மொதல்லேருந்து மாட்டிக்கிட்டு நின்னியே, அது என் பேரா?"

ரஸ் தலையாட்டினான்.

"ஆடு..." என்று ஆரம்பித்தாள். தூரத்தில் நின்றிருந்த லோர்னாவைப் பார்த்தாள். பேச்சை அங்கேயே விட்டுவிட்டாள். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கூச்சத்தில் முகமெல்லாம் சிவந்துபோய், ஆனால் அவன் கண்ணைப் பார்த்தபடியே உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லு," என்றாள். "நான் எங்கயும் போகல."

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. டேல் கையசைத்துவிட்டுப் போனான். மன்றத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு மேயரும் போனாள். ரஸ் அவசரப்படவில்லை. அங்கே எந்த விளக்கும் எரியவில்லை.

"க்... க்... க்வென்," என்றான். "நன்றி."