கல்லுக்குள் பார்க்கிறவள்

ஹாரன் அலறிய அலறலில் கண்மாய்க்கரைக் கொக்குகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. மதுரை விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் கார், ஆர்.எஸ்.மங்கலத்தைத் தாண்டி, ஆட்டு மந்தையை விலக்கிக்கொண்டு தங்கசாமி வீட்டு வாசலில் நின்றது. இரண்டு வருஷம் கழித்து மகள் வருகிறாள்.

பூமயில் இறங்கியதும் அம்மா சோலையம்மாள் கட்டிக்கொண்டு அழுதாள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கதவு நிலையைப் பிடித்து நின்ற அய்யாவை, ஒரு நொடி, யாரோ விருந்தாளி என்றுதான் நினைத்தாள். சட்டை ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

"என்னய்யா இப்படி ஆயிட்டீங்க?"

"வயக்காட்டுல கிடக்குறவனுக்கு உடம்பு வைக்குமாக்கும்? வா தாயி" என்று சொல்வதற்குள் மூன்று தடவை இருமினார்.

இத்தாலியில் பூமயிலுக்கு மீக்கடத்தி ஆராய்ச்சி. கடுங்குளிரில் வைத்தால் துளிகூட வீணாக்காமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள் அவை. இரும்பும் ஆர்சனிக்கும் ஏடு ஏடாக அடுக்கியிருக்கும் புது வகை ஒன்று அந்த வருஷம், 2008-இல், வெளிவர, ஆய்வுக்கூடமெல்லாம் அதன் பின்னால் ஓடின. படிகத்தை வெற்றிடத்துக்குள் உடைத்து, அழுக்குப்படாத அதன் புதுப் பரப்பில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவார்கள். தெறித்து வரும் எலெக்ட்ரான்களை அளந்தால், அவை உள்ளே எப்படிக் குடியிருந்தன என்று தெரியும். அந்தக் கதிர் நினைத்தபோது கிடைக்காது. ராட்சத இயந்திரத்தில் ஆளுக்கு ஆறு நாள் முறை. விட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜூனில் முறை வந்தது, படிகம் பாழாயிற்று. அக்டோபரில் மறுபடி. இரண்டு தடவையும் ஊருக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தாள். ஞாயிறுதோறும் போனில் அய்யா, "எப்பத்தா வருவ?" என்பார். வேறெதுவும் கேட்கமாட்டார்.

பக்கத்து வீட்டு ராக்கு வந்து வாசல் திண்டில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா ஆத்தா? 'எம்மக கல்லுக்குள்ளயே எக்ஸ்ரே பாக்குறவ'ன்னு டீக்கடையில ஒங்கய்யா வாய மூட ஆளில்ல."

"ஒனக்கு வயித்தெரிச்சல் ராக்கு" என்று சிரித்தபடி தங்கசாமி உள்ளே போனார். பழுப்பு உறை ஒன்றோடு திரும்பினார். மூலை மடங்காமல், துணி சுற்றி வைத்திருந்தார்.

"இதப் பாரு தாயி."

நெஞ்சு எக்ஸ்ரே படம். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எலெக்ட்ரான் அளவுகளின் வளைகோடுகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு விலா எலும்பும் நுரையீரலும் புரியாதுதான். ஆனால் வலப்பக்கம் எலுமிச்சையளவு வெள்ளையாக நின்றதைக் காண எந்தப் படிப்பும் வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் ராமநாதபுரத்தில் எடுத்த தேதி: மே 12.

இது டிசம்பர்.

தங்கசாமி, மார்க்குக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா..." படத்தைக் கீழே இறக்கினாள். "இது வேற. நான் பாக்குறது கல்லு. மனுச உடம்புப் படம் பாக்க எனக்குத் தெரியாதுய்யா."

"நல்லாருக்கே கதை!" என்றாள் ராக்கு. "கல்லுக்குள்ள பாப்பாளாம், பெத்தவரு நெஞ்சுக்குள்ள பாக்கத் தெரியாதாம்!"

"நீ சும்மாரு. பிள்ள அலுத்து வந்திருக்கா, காபித்தண்ணி குடிச்சிட்டுப் பாக்கட்டும்" என்றார் தங்கசாமி. அவர் முகம் இன்னும் மலர்ந்தேதான் இருந்தது.

பூமயில் வாசலுக்கு ஓடினாள். டிரைவர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இறக்காதீங்க. வண்டியத் திருப்புங்க. மதுரைக்குப் போறோம், இப்பவே."

சோலையம்மாள் விழித்தாள். "இப்பத்தானடி வந்த?"

"அய்யா, ஏறுங்க." அவர் கையைப் பிடித்தாள். கையில் எலும்பு மட்டும் இருந்தது. "இதப் பாத்துட்டு டாக்டர் ஒண்ணுமே சொல்லலையா? ஏழு மாசமா என்னய்யா பண்ணுனீங்க?"

"சொன்னாரு தாயி. அன்னைக்கே மதுரைக்குப் போகச் சொன்னாரு. 'எம்மக இதைத்தான் படிக்கிறா, அவ வந்து பாத்துக்கிருவா'ன்னு நாந்தேன் படத்த வாங்கிட்டு வந்துட்டேன்."