ஐம்பத்தாறு பேருக்கு ஒராள்

சிவானந்தனுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பதினொரு வருடம் அதைத்தான் படிப்பித்தான். ஆனால் தன் சொந்த வாழ்க்கையில் ஒரு கணக்கையாவது சரியாகப் போட்டானா என்றால், எங்கே போட்டான்!

1987ஆம் ஆண்டுக் கோடையில், டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்தில் அகதியாக இருந்தபடி, மனைவி சுசீலாதேவியைக் கூப்பிடும் விண்ணப்பத்தை நிரப்பினான். மனைவியின் தொழில் என்ன என்ற இடத்தில் பேனை நின்றது. அவளும் அதே கணிதத் துறையில் விரிவுரையாளர்தான். பெருமையோடு அதை எழுதப் போனவனைப் பக்கத்து அறை ஆனந்தராஜா மறித்தான்.

“அண்ணை, விசர் வேலை பாக்காதேங்கோ. நிரந்தர உத்தியோகம் எண்டு எழுதினா, அவ அங்கை வசதியாத்தானே இருக்கிறா எண்டு தள்ளிப்போடுவாங்கள். வீட்டிலை சும்மா இருக்கிறா எண்டு போடுங்கோ. கேட்டாக் காட்ட விலகல் கடிதமும் கையிலை இருக்கோணும்.”

இப்படியொரு சட்டம் டென்மார்க்கில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் ஆட்கள் குசினி மேசையைச் சுற்றியிருந்து தாங்களே இயற்றிய சட்டம் அது. படித்த மனுசன், அப்படியே நம்பினான். ‘ஹுஸ்மோர்’, அதாவது இல்லத்தரசி, என்று எழுதினான். பொய் பிடிபட்டுவிடும் என்ற பயத்தில், வேலையை உடனே விடச்சொல்லி அவளுக்குக் கடிதமும் போட்டான்.

அவளுடைய பதிலுக்கு முன்னால் துறைத்தலைவர் மகேந்திரராசாவின் கடிதம் வந்தது.

“சிவா, ஒன்பது நிரந்தர இடத்திலை இப்ப மிச்சம் நானும் சுசீலாவும்தான். மற்ற எல்லாரும் உம்மைப்போலை வெளிநாடு போட்டினம். போன வருசம் பாஸ்பண்ணின ரெண்டு பிள்ளையளைத் தற்காலிகமாய்ப் பிடிச்சு வைச்சிருக்கிறன். மாணவர் நூற்றுப்பன்னிரண்டு. நிரந்தர ஆக்களை மட்டும் பாத்தா, ஐம்பத்தாறு பேருக்கு ஒராள். அவவும் போனா இறுதி வருசச் சிறப்புப் பாடத்தை மூடவேண்டியதுதான். அதிலை பதினேழு பிள்ளையள் இருக்கினம். ஒரு வருசம் பொறும் ஐசே.”

அதை அவன் வாசித்தது டெனிஷ் மொழி வகுப்பில். வளர்ந்த மனிதர் பன்னிரண்டு பேருக்கு ‘நன்றி’ சொல்லப் பழக்க அங்கே இரண்டு ஆசிரியர்கள் நின்றார்கள். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் தனிமை அதைவிடப் பெரிதாக இருந்தது. “எனக்கு என்ரை மனிசி வேணும்” என்று வாய்விட்டே சொன்னான். கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

சுசீலாதேவி விலகினாள். சிறப்புப் பாடம் நின்றது. பதினேழு பேரில் சிலர் கொழும்புக்கும் சிலர் வளைகுடாவுக்கும் போனார்கள். இரண்டு பேர் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. விசா வந்தால் உடனே ஏறலாம் என்று அவள் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துக் காத்திருந்தாள்.

விசா வரவில்லை. எப்போது கேட்டாலும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே பதில். ஒன்றரை வருடமாக அவன் செத்துச் செத்துப் பிழைத்தான். தன் பொய்யைப் பிடித்துவிட்டார்கள், அதனால்தான் இழுக்கிறார்கள் என்று எண்ணியெண்ணியே பாதியாகிப் போனான்.

1989ஆம் ஆண்டு பத்திரிகையில் விசயம் வந்தது. மொழி வகுப்பில் படித்த டெனிஷை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தான். தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களைத் தொடவேண்டாம் என்று நீதி அமைச்சில் மேலிருந்து சொல்லிவிட்டார்களாம். இல்லத்தரசி என்றாலும் விரிவுரையாளர் என்றாலும், எல்லாம் ஒரே குவியலில் கிடந்தன. அவன் எழுதிய அந்த ஒரு சொல்லை ஒருத்தரும் வாசிக்கவில்லை.

தொலைபேசியில் அவளிடம் சொன்னான்.

“அப்ப நான் ஆருக்குக் காட்டவப்பா வேலையை விட்டனான்?”

“சுசீலா, எனக்குத் தெரியேல்லை. ஆனந்தராஜாதான்...”

“போன மாசம் மகேந்திரராசா சேருக்கு எழுதி வேலையைத் திரும்பக் கேட்டனான். அவர் பென்சன் எடுத்திட்டார். துறையைப் பூட்டிப்போட்டினமாம். அந்தப் பதினேழு பேரின்ரை வரவு எழுதுற டாப்பு இன்னும் என்ரை பையுக்கைதான் கிடக்கு.”

அவன் ரிசீவரைப் பிடித்தபடி அழுதான். அவள் அழவில்லை.

அடுத்த கிழமை அலுவலகத்திலிருந்து ஒரு புதுப் படிவம் வந்தது. பழைய விபரங்கள் காலாவதியாகிவிட்டன, மீண்டும் நிரப்பி அனுப்பவும் என்றிருந்தது. எவ்வளவு காலம் எடுக்கும் என்று எங்கேயும் போடவில்லை. மனைவியின் தொழில் என்ற இடத்தில் ‘ஹுஸ்மோர்’ என்று எழுதினான். இந்த முறை அது பொய்யில்லை.