கிழக்கே ஒரு நகரம் குலுங்கும்

எங்கள் வாரப் பத்திரிகையில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜோசியர் உலகப் பலன் எழுதுவார். அந்த மூன்று மாதம் முடிந்ததும், அவர் சொன்னதையும் உலகத்தில் நடந்ததையும் ஒத்துப் பார்த்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று நான் ஒரு பக்கம் போடுவேன். பிழை திருத்துகிறவளுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்காதீர்கள். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அப்படியொரு ருசி. அது ஆசிரியருக்குத் தெரியும்.

போன தடவை ஜோசியரும் நானும் இரண்டு நாள் மல்லுக்கட்டினோம். மேற்கே ஒரு போர் ஒன்பதாம் தேதிக்குள் நிற்கும் என்று எழுதியிருந்தார். ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்த ஊரில் ஒன்பதாம் தேதி இரவு. இங்கே பத்தாம் தேதி விடிந்துவிட்டது. "நடந்த ஊர் தேதிதாம்மா கணக்கு" என்று அவர் தலைகீழாக நின்று பார்த்தும் நான் மசியவில்லை. நம் சுவர்க் காலண்டர்தான் கணக்கு என்று விதியே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். 'பலிக்கவில்லை' என்று போட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

இந்தத் தடவை எட்டாவது வரி இது: 'இருபதாம் தேதிக்குள் கிழக்கே கடலோர நகரம் ஒன்று குலுங்கும்.' குலுங்கியது. இருபதாம் தேதி, நம் நேரப்படி இரவு எட்டு மணிக்கு. ஆசிரியர் துள்ளிக் குதித்தார். அட்டையிலேயே போட்டுவிடலாம் என்றார்.

மறுவாரம் ஜோசியர் வந்தார். வழியில் இருக்கிற மேஜைக்கெல்லாம் ஒரு ராசிபலன் சொல்லிக்கொண்டே வருகிற மனிதர், அன்று நேராக என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எட்டாவது வரியைத் தப்புன்னு போட்டுடும்மா."

"என்ன சார், கிண்டலா? பதினொரு வருஷத்துல இது ஒண்ணுதான் உருப்படியா பலிச்சிருக்கு."

"என் பொண்ணு அந்த ஊர்லதான் இருக்கா."

அவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். உயிருக்கு ஆபத்தில்லையாம். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

"வேலைக்குன்னு போனா. நாள் பாத்து அனுப்பினது நான்தான், இந்தப் பலனை எழுதிக் கொடுத்த மறுநாளே. அவ கிளம்புறப்போ இந்த வரி எனக்கு ஞாபகமே வரலை. எப்பவும் எழுதுற வரிதானேம்மா அது, தடவைக்கு ஒரு திசை. நானே நம்பலை. அவ என் பலனைப் படிக்க மாட்டா. நீ என்னை மடக்குற பக்கத்தை மட்டும் விடாம படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிப்பா. இப்போ ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதைப் படிப்பா. அப்பாவுக்குத் தெரிஞ்சும் அனுப்பிட்டாருன்னு நெனச்சுட்டான்னா?"

'நானே நம்பலை' என்று அவர் வாயால் கேட்கத்தான் பதினொரு வருஷமாகக் காத்திருந்தேன். கேட்டபோது ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. மனுஷரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காகப் பொய் எழுதவும் எனக்குக் கை வராது.

"சார், குலுங்கினப்போ அங்க மணி என்ன?"

"ராத்திரி ஒண்ணு. தூங்கிக்கிட்டு இருந்திருக்கா."

"அப்போ அங்க இருபத்தொண்ணு பிறந்தாச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த என் விதியைக் கிழித்தெடுத்தேன்.

"போன தடவை நீங்க சொன்னதுதான் நியாயம். நடந்த ஊர் தேதிதான் கணக்கு."

போன தடவை போட்ட முடிவு தவறு, போர் விஷயம் பலித்தது என்று ஒரு திருத்தம் எழுதினேன். எட்டாவது வரிக்கு எதிரே, 'பலிக்கவில்லை, ஒரு நாள் பிந்தியது' என்று போட்டேன். ஆசிரியர் காட்டுக் கத்தல் கத்தினார். புது விதியை நீட்டினேன். அட்டைக்கு வேறு படம் போனது.

இதழ் வந்த இரண்டாம் நாள் ஜோசியர் தன் போனை என் காதருகே பிடித்தார். மகள் பேசி அனுப்பியிருந்தாள்.

"அப்பா, ஒரே நாள்ல கோட்டை விட்டுட்டீங்களே! அந்தம்மா உங்களை விடவே மாட்டாங்களா?" ஒரு சிரிப்பு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நல்லவேளைப்பா, தப்பாப் போச்சு. சரியா இருந்திருந்தா உங்களை யாராலயும் தேத்தியிருக்க முடியாது."

ஜோசியர் அதை இன்னொரு முறை போட்டார். நான் அழுதுவிட்டேன்.