நடுவில் எடுத்த சதை

என் கொழுந்தனுக்கு வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். காலையிலிருந்து மாலைவரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பிரேக்கைத் தடவாதீங்க சார், மிதிங்க" என்று கத்திக்கொண்டிருப்பான். அப்படிப்பட்டவனுக்கு நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது.

நானும் என் கணவரும் ஒரே கிளினிக்கில் பல் மருத்துவர்கள். முதலில் பார்த்தது நான்தான். நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இழுத்து, புண்ணைச் சுற்றி விரலால் அழுத்தினேன். ஓரம் கெட்டியாக இருந்தது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினேன், இல்லை. பக்கத்துக் கடைவாய்ப்பல் உடைந்து கூராக நின்றது. அது உரசியே புண் வந்திருக்கலாம். கூர்முனையை ராவிவிட்டு, இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றேன்.

"பல்லும் என்னுது, நாக்கும் என்னுது. ரெண்டுக்கும் அப்படி என்ன சண்டை அண்ணி?" என்றான்.

புண் ஆறவில்லை. வலியே இல்லை என்று வேறு சொன்னான். வலி இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதென்று முடிவானது. அன்று நான் அடுத்த அறையில் யாருடைய ஞானப்பல்லோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கணவரே எடுத்து அனுப்பினார்.

ரிப்போர்ட் வந்தது. அனுப்பிய சதையில் செத்த திசுவும் அழற்சியும்தான், புற்றுநோய் தென்படவில்லை. மாமியார் போனில் நிம்மதியில் அழுதார். கணவர் அன்று முழுக்க நோயாளிகளிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார். அது அவர் வழக்கமே இல்லை. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

வெட்டிய இடம் எப்படி இருக்கிறது என்று காட்ட அவன் வந்தபோது, விளக்கைத் திருப்பி நாக்கைப் பார்த்தேன். புண்ணின் நட்டநடுவில் ஒரு சின்னக் குழி. ஓரத்தில் கத்தி பட்ட சுவடே இல்லை. இந்த மாதிரிப் புண்ணின் நடுவில் இருப்பது பெரும்பாலும் செத்த சதை, அதில் தேடினால் ஒன்றும் அகப்படாது. நோய் இருந்தால் ஓரத்தில்தான் தெரியும். பக்கத்து நல்ல சதையும் கொஞ்சம் சேர்ந்து வருகிற மாதிரி அங்கே வெட்ட வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

கணவரைக் கருவிகள் கழுவும் அறைக்கு இழுத்துப் போனேன்.

"ஏன் நடுவுல எடுத்தீங்க?"

அவர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். "ஓரத்துல எடுத்தா ரத்தம் வரும், தையல் போடணும். நாலு நாள் அவனால வாயைத் திறக்க முடியாது. ஊசியைப் பார்த்ததுமே என் கையைப் பிடிச்சுக்கிட்டான்."

"அதுக்கு?"

"அவன் என் தம்பி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தெருவுல போறவனா இருந்தா சரியா எடுத்திருப்பீங்க, இல்ல?"

"ரிப்போர்ட்தான் நல்லா வந்திருக்கே. ஏன் கிளறுற?"

"நீங்க அனுப்பினதைப் பத்தித்தான் அவங்க சொல்லியிருக்காங்க. அவன் நாக்கைப் பத்தி இல்ல."

வெளியே வந்து கொழுந்தனிடம் ஒளிக்காமல் சொன்னேன்: முதலில் எடுத்த இடம் சரியில்லை, மறுபடி எடுக்க வேண்டும், மரப்பு விட்டதும் வலிக்கும். அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சுவரைப் பார்த்தார்.

மரப்பு ஊசி போட்டு, நீலச் சாயம் தடவிக் கழுவினேன். ஓரத்தில் ஓரிடம் மட்டும் கருநீலமாக நின்றது. சாயத்தை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது, ஆனால் எங்கே வெட்டுவது என்று அது காட்டியது. வெட்டினேன். ரத்தம் வந்தது. கணவர் அதை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டார். தையல் போட்டேன். அவனிடம் கார் பழகுகிறவர்களுக்கு அது நல்ல வாரமாக இருந்திருக்கும்.

இந்தத் தடவை ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தது. ஆரம்ப நிலை மாதிரிதான் தெரிந்தது. அவனை உட்காரவைத்துச் சொன்னேன். நாக்கின் ஓரத்தில் ஒரு பகுதியை எடுப்பார்கள், பேச்சு வரும், கொஞ்சம் குழறும்.

"திட்டினா புரியுமா?" என்றான்.

"புரியும்."

"ஆபரேஷன் அன்னைக்கு நீங்க கூட இருங்க அண்ணி."

"உங்க அண்ணனும் வருவார்."

"அண்ணன் வேண்டாம்," என்றான். குரலில் கோபமே இல்லை. "அவருக்கு என்மேல பாசம் ஜாஸ்தி."

அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.