எல்மர் எழுந்து நிற்கும் அரை நிமிஷம்

அக்டோபர் பிறந்ததிலிருந்து மார்லிஸ் டோலஃப்சனைச் சொந்த ஊரிலேயே யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போனாள். எத்தனையோ வருஷமாகத் தங்கள் மாடுகளை மாட்டு டாக்டரான அவளிடம் காட்டி வைத்தியம் செய்துகொண்டவர்கள், தட்டிலிருந்த உருளைக்கிழங்கை அதிசயம் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பேசாத ஊர் அதைவிட மோசம்.

எல்லாம் டி.வி.யில் வந்த ஒரு தேர்தல் விளம்பரத்தால் வந்த வினை. கொட்டும் பனியில் ஒரு கிழவி தெருவோரம் சக்கர நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அவள் கூலிக்கு நடித்தவள், பனியும் அசல் பனி இல்லை. “லார்ச் ஹில் முதியோர் இல்லத்தில் இருப்பவர்களைத் தெருவில் விட ஓட்டுப் போட்டவர் மார்லிஸ் டோலஃப்சன்” என்று ஒரு குரல் இடிக்கும். மார்லிஸின் படம் கறுப்பு வெள்ளையில், இழவு வீட்டில் எடுத்தது மாதிரி வரும். கடைசியில் தேர்தலில் அவளை எதிர்த்து நிற்பவனின் பதவிசான குரல்: “நான் கிரெய்க் நைஹஸ். இந்தச் செய்தி என் சம்மதத்தோடு வருகிறது.”

வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போகத் தேர்தலில் நிற்கிறவர்கள் தங்கள் விளம்பரத்துக்குத் தங்கள் வாயாலேயே சம்மதம் சொல்லியாக வேண்டும், அது சட்டம். சொந்தக் குரலில் சொல்லச் சொன்னால் வெட்கப்பட்டாவது அடங்குவார்கள் என்று எண்ணிய புண்ணியவான்களுக்கு மனுஷ சுபாவம் தெரியவில்லை.

நடந்தது இதுதான். விஸ்கான்சினில் அவர்களுடைய மாவட்டத்துக்கு அந்த இல்லத்தை நடத்த வழியில்லாமல் போயிற்று. மூடிவிடலாம் என்று மாவட்ட சபை சொன்னபோது, கூடவே கூடாது என்று தொண்டை வற்றக் கத்தியவள் அதில் உறுப்பினராயிருந்த மார்லிஸ். கடைசியில் ஒரு சர்ச் அறக்கட்டளைக்கு விற்பதற்குக் கை தூக்கினாள். இல்லம் இன்றைக்கும் திறந்திருக்கிறது. அவளைப் பெற்றவளே அங்கேதான் இருக்கிறாள். விற்றது நிஜம், தெருவில் விட்டது பொய். பாலில் கலந்த தண்ணீரை யார் பிரித்துக் காட்டுவது?

அவளுடைய பிரசாரத்தை நடத்துகிறவள் கெண்ட்ரா. தலைநகரிலிருந்து வந்தவள், பல தேர்தல் பார்த்தவள்.

“மறுப்பு சொல்லாதீங்க டாக்டர். நீங்க பேசப் பேச, கிழவி, பனி, தெரு, இதான் ஜனங்க மனசுல நிக்கும். அவங்க பொய்ய நம்ம செலவுல இன்னொரு தரம் ஓட்டின மாதிரி. திருப்பி அடிக்கணும்.”

அடிப்பதற்குத் தயாராக ஒரு விளம்பரமும் எடுத்து வைத்திருந்தாள். கிரெய்கின் தீவனக் கம்பெனி ஏதோ அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்ததற்கு ஒரு முறை அபராதம் கட்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். கெண்ட்ராவின் படத்தில் ஒரு குழந்தை மஞ்சள் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோனது.

“அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள் மார்லிஸ்.

“ஒண்ணும் ஆகல. எங்க அக்கா பையன்.”

“தண்ணி?”

“ஆப்பிள் ஜூஸ். கம்பெனி, அபராதம்னுதான் சொல்றோம். விஷம்னு எங்கயாவது சொன்னோமா? பாக்குறவங்களா நினைச்சுக்கிட்டா நாம என்ன செய்ய?”

“சாணி அள்ளுறது எனக்குப் பழக்கம்தான் கெண்ட்ரா. யார் மேலயும் வீசினதில்ல.”

“அதான் நீங்க மட்டும் சாணியோட நிக்கிறீங்க. நாளைக்குக் காலைல வந்து அந்தச் சம்மத வரிய மட்டும் பேசிட்டுப் போங்க.”

சரி என்றாள் மார்லிஸ். சம்மதித்துச் சொன்னதல்ல. மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் சொன்னாள். பிரசவத்தில் சிக்கிய பசுவோடு விடிய விடிய மல்லுக்கட்டியபோதுகூட இப்படி அலுப்பு வந்ததில்லை.

அன்று மத்தியானம் அம்மாவைப் பார்க்க லார்ச் ஹில்லுக்குப் போனாள். ஹீட்டர் சூட்டில் கொதிக்கிற பெரிய கூடத்தில் அம்மா வெர்னா குளிர்கால கோட்டும் தொப்பியும் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்கம்மா கிளம்பிட்ட?”

“தெருவுக்குத்தான். அனுப்பப் போறாங்களாமே, டி.வி.ல சொல்றாங்க. எவளோ ஒருத்தி ஓட்டுப் போட்டுட்டாளாம். உன் பேருதான்டி அவளுக்கும்.”

“யாரும் அனுப்ப மாட்டாங்கம்மா. கோட்டக் கழட்டு.”

“உனக்கென்ன தெரியும். திடீர்னு கூப்பிட்டா நான் கோட்டத் தேடிக்கிட்டு நிக்கணுமா?”

ஞாபகம் தேய்ந்துபோன அம்மாவிடம் எந்தக் கணக்கைச் சொல்லி எதை விளக்குவது? மார்லிஸுக்கு அழுகை வந்தது. கோட்டின் காலரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

அதற்குள் டி.வி.யில் அதே இடிக்குரல். பக்கத்து மேஜையிலிருந்து ஒரு பெரியவர் ஊன்றி நடக்கிற வாக்கர் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். தடக் தடக்கென்று போய், பெட்டிக்கு முதுகைக் காட்டி, கூடத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

“யோவ் எல்மர், நீ என்ன கண்ணாடியா, ஊடே பாக்குறதுக்கு?” என்று யாரோ கத்தினார்கள். அவர் நகரவில்லை. விளம்பரம் முடிந்ததும் அதே தடக் தடக்கோடு திரும்பி வந்தார். அவர் எல்மர் நைஹஸ், கிரெய்கின் அப்பா.

“உங்கம்மா அதப் பாத்தா அன்னிக்குப் பூரா கோட்டக் கழட்ட மாட்டேங்குறாங்க டாக்டர். ரிமோட் ஆபீஸ்ல இருக்கு, கேட்டாத் தர மாட்டேங்குறாங்க. அதான் நிக்கிறேன்.”

“உங்களுக்கெதுக்கு எல்மர் இந்தக் கஷ்டம்?”

“படத்த மறைச்சிடலாம். கடைசில அவன் குரல் வருது பாருங்க, அதத்தான் தாங்க முடியல. சின்ன வயசுல பொய் சொன்னா அவனுக்குக் குரல் நடுங்கும். இப்ப நடுங்கல.” சட்டத்தை மேஜையோரம் நகர்த்தி வைத்தார். “அவனப் பத்தி உங்க பக்கமும் ஏதாவது வருதுன்னா, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிடுங்க. அன்னிக்கு நான் ரூம்லயே சாப்பிட்டுக்கறேன்.”

மார்லிஸ் அவர் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ஒலிப்பதிவு அறையில் மைக்கின் முன் உட்கார்ந்தாள். “நான் மார்லிஸ் டோலஃப்சன்” என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. இன்னொரு முறை ஆரம்பித்தாள், அப்போதும் வரவில்லை.

“தண்ணி வேணுமா?” என்றாள் கெண்ட்ரா.

“ஆப்பிள் ஜூஸா?” என்று எழுந்தாள் மார்லிஸ். “இது என்னால ஆகாது. லார்ச் ஹில் வாசல்ல நின்னு நானே பேசறேன். இல்லம் தெறந்திருக்கு. விக்க ஓட்டுப் போட்டேன், இதுக்காகத்தான் போட்டேன். தெருவுல விட்டேன்னு சொல்றது பொய். சந்தேகம்னா ஞாயித்துக்கிழம வாங்க, காபி வச்சிருப்பேன். இவ்வளவுதான்.”

கெண்ட்ரா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். “கிரெய்கோட அப்பாவே அங்கதான இருக்காரு? அத ஒரு வரி சேருங்க. பொய்கூட இல்ல. அவன் கத முடிஞ்சிடும்.”

முடியத்தான் செய்யும். மார்லிஸுக்கும் அது தெரிந்தது, ஒரு கணம் ஆசையும் வந்தது.

“வேண்டாம்.”

“ஏன்? உண்மதான?”

“உண்மதான். எல்மர் அதக் கேப்பாரே.”

“தோத்துடுவோம் டாக்டர்.”

“தோக்கலாம்” என்றாள் மார்லிஸ்.

அவள் பேசிய விளம்பரம் ஓடத் தொடங்கிய அன்று அவள் கூடத்தில் அம்மா பக்கத்தில் இருந்தாள். திரையில் “நான் மார்லிஸ் டோலஃப்சன்” என்று கேட்டதும், எல்மர் பழக்கதோஷத்தில் சட்டத்தைப் பிடித்து எழுந்தார்.

“உக்காருங்க எல்மர், மறைக்குது” என்றாள் வெர்னா. “எம்பொண்ணு பேசுறா.”

எல்மர் உட்கார்ந்தார். கடைசிவரை பார்த்தார். தன் மகன் பேர் வருகிறதா என்று காத்திருந்தார். வரவில்லை. மார்லிஸை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

வெர்னா கோட்டைக் கழற்றவில்லை. “நல்லாத்தான் பேசுறா. ஆனா அவ சொன்னா அவங்க கேப்பாங்களா?” என்றாள்.

அதை ஒட்டியே சக்கர நாற்காலியும் பனியும் வந்தன. எல்மர் பெருமூச்சு விட்டு மறுபடி எழுந்தார். மார்லிஸும் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேர் நின்றால் திரை முழுவதும் மறைந்துவிடுகிறது. குரலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.